ஐப்பசிக்கு அரை நூல் இடம்

இந்த அஞ்சறைப் பெட்டியை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை. சித்திரையில் செய்தபோது நான்கு மூலையும் பொருந்தி, மூடி விரல் தள்ளினால் சறுக்கிக்கொண்டு போனது. ஐப்பசியில் அதே மூடி அசையவே இல்லை. இடைப்பட்ட ஆறு மாதத்தில் பெட்டியை யாரும் கீழே போடவில்லை, தண்ணீரில் நனைக்கவில்லை. அடுப்படி அலமாரியில் வைத்த இடத்திலேயேதான் இருந்தது.

அஞ்சல் துறையில் 36 வருடம் வேலை பார்த்து 2022 ஜூனில் ஓய்வு பெற்றேன். திருச்சியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதைப் பட்டறையாக்கிக்கொண்டேன். எதிர்த்தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆசாரி இருக்கிறார். இப்போது வேலைக்குப் போவதில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் உளி பிடிக்கக் கற்றுத்தரச் சொன்னேன். "ஆறு மாசத்துக்குத் தேக்கைத் தொடாதீங்க சார். பேக்கிங் பெட்டிப் பலகையில பழகுங்க" என்றார். ஆறு மாதம் என்றவர் பத்து மாதம் பழகவைத்தார். அந்தப் பத்து மாதத்தில் பாதி, உளி தீட்டுவதிலேயே போனது.

தீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் இடம் அது. உளியின் சாய்வு முகத்தை 25 டிகிரியில் வைத்து, நுனியை மட்டும் 30 டிகிரிக்கு ஏற்றித் தீட்டுவேன். எண்ணெய்க்கல்லில் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்தால் நகத்தில் தட்டும். அந்தப் பிசிறு நுனி முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை எழுந்த பிறகுதான் அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். பாதி நுனியில் எழுந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் மீதிப் பாதி மொட்டையாகவே இருக்கும். கூரானதா என்று பார்க்க ஆசாரி பேக்கிங் பலகையின் வெட்டுமுனையைச் சீவச் சொல்வார். மெத்தென்ற மரத்தின் வெட்டுமுனை பொடியாக நொறுங்காமல் சீவலாக வந்தால் உளி தயார்.

பெட்டிக்கு வருகிறேன். என் அம்மா ஒரு பலாமர அஞ்சறைப் பெட்டி வைத்திருந்தார். அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட, பெட்டி பரணுக்குப் போய்விட்டது. எங்கள் அடுப்படியில் வழக்கம்போல எவர்சில்வர் வட்ட டப்பா. "அத்தையோட பெட்டி மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்று என் மனைவி கேட்டதும் பரணிலிருந்து பழையதை இறக்கி அளவெடுத்தேன். நீளம் 12 அங்குலம், அகலம் 8, உயரம் 3. பக்கப் பலகைகளின் உள்பக்கத்தில் காடி வெட்டி, அதில் மூடி ஓடுகிற மாதிரியான பெட்டி. அந்த மூடி சிறு வயதிலிருந்தே எனக்கு நினைவிருக்கிறது. கையில் எடுத்தால் கடகடவென்று ஆடும். வேலை சுத்தமில்லை, யாரோ அவசரத்தில் செய்தது என்று எண்ணிக்கொண்டேன். என் பெட்டியில் மூடி அப்படி ஆடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

மரத்துக்குக் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற தூண், கதவு, நிலை, உத்தரம், எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே கிடக்கும். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு அந்த வீடுகளில் இழைத்துக் கிடந்தது. ஒரு உடைந்த அலமாரிக் கதவின் பலகை கிடைத்தது. ஒரு அங்குலக் கனம், ஒன்பது அங்குல அகலம், நாலரை அடி நீளம். வெளியே சாம்பல் பூத்து, பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, எரிக்கப் போடுகிற கட்டை மாதிரிதான் இருந்தது.

பழைய மரத்தில் முதல் வேலை ஆணி தேடுவது. பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, பலகைக்கு மேலே மெதுவாக நகர்த்தினேன். ஐந்து இடத்தில் இழுத்தது. மூன்று ஆணி முழுசாக வந்தது. இரண்டு தலை ஒடிந்து உள்ளே நின்றுகொண்டது, அவற்றைச் சுற்றித் தோண்டி எடுத்தேன். ஆணி இருந்த இடமெல்லாம் கருவளையம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் தேக்கு அப்படிக் கறுத்துப்போகும். உப்பும் புளியும் புழங்குகிற அடுப்படிச் சாமானுக்கு இரும்பு ஆணியே வேண்டாம், பித்தளைத் திருகாணிதான் என்று அந்தக் கருவளையங்களைப் பார்த்து முடிவு செய்தேன். ஆணி போன பிறகுதான் மரம் அறுக்கும் மில்லில் பலகையை வாங்கினார்கள். கனத்தை இரண்டாகப் பிளந்து தந்தார்கள்.

பிளந்த பலகையை இழைப்புளியில் தள்ளிய முதல் தள்ளலை மறக்க மாட்டேன். சாம்பல் நிறச் சீவல் ஒன்று சுருண்டு விழுந்தது. இரண்டாவதில் பாதி பழுப்பு. மூன்றாவது சீவல் தேன் நிறத்தில், விளக்குக்கு நேரே பிடித்தால் ஊடே வெளிச்சம் தெரிகிற மெல்லிசில், நாலு அடி நீளத்துக்கு அறுபடாமல் வந்தது. வாசனை எழுந்தது. புதுச் செருப்பின் தோல் வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும் கலந்த மாதிரி. இத்தனை காலம் உள்ளேயே இருந்த எண்ணெய். கையில் வழவழவென்று ஒட்டியது. அந்த எண்ணெய்தான் தேக்கைக் கரையானிடமிருந்து காப்பாற்றுகிறது. மரத்துக்குள் நுண்மணல் மாதிரி சிலிக்காவும் உண்டு, அதுதான் இழைப்புளி அலகைச் சீக்கிரம் மழுக்குகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது.

தேக்குத் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. ஓய்வுக்காலப் பொழுதுபோக்குதானே என்று துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உப்புத்தாள் போடுகிறவர்களைப் பார்க்கிறேன், மனது பதறுகிறது. என்95 முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மூலைகளுக்கு டவ்டெயில் மூட்டு. புறா வால் மாதிரி விரிந்த பல் ஒரு பலகையிலும், அதற்கேற்ற பள்ளம் மற்றதிலும். தேக்கு மாதிரிக் கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று சாய்வு போதும். பென்சில் கோட்டை நம்பாமல் கத்தி முனையால் கீறிக்கொண்டேன். கீறலின் கழிவுப் பக்கத்தில் ரம்பம் போக வேண்டும், கீறல் பலகையோடு மிஞ்ச வேண்டும். கண்ணாடி போட்டும் எனக்குக் கீறல் சரியாகத் தெரியவில்லை. ஆசாரி வந்து பார்த்து, மேலே தொங்கிய விளக்கை இறக்கிப் பலகைக்குப் பக்கவாட்டில் வைத்தார். பக்கத்திலிருந்து ஒளி விழுந்ததும் கீறல் நிழல் கட்டிக்கொண்டு பளிச்சென்று தெரிந்தது. அதன் பிறகு தவறவில்லை. தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வேலை. அதற்குமேல் தகரக் கொட்டகையில் நிற்க முடியாது. நாலு மூலைக்கு எட்டு நாள்.

உள்ளே நீளவாக்கில் ஒரு தடுப்பு, குறுக்கே இரண்டு. மூன்றையும் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றில் ஒன்று செருகினால் ஆறு அறை. கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு ஐந்தும் போக ஆறாவது காய்ந்த மிளகாய்க்கு. பெருங்காயத்தைச் சேர்க்க வேண்டாம், எல்லாவற்றிலும் ஏறிவிடும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மஞ்சள்தூளும் தனி டப்பாவில்தான், மரத்தில் ஏறிய மஞ்சளை எடுக்க முடியாது.

ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூட்டுகளை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தேன். மேலே கசிந்து நிற்கும் எண்ணெயைத் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பிறகு ஃபெவிகால். கிளாம்ப் இரண்டுதான் இருந்தது. பெட்டியைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி, இடையில் குச்சி விட்டு முறுக்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். அடிப்பலகையைக் கீழிருந்து பன்னிரண்டு பித்தளைத் திருகாணியில் சுற்றிலும் முடுக்கினேன். மூடியைக் காடிக்கு ஏற்ப இழைத்து இழைத்து, இரண்டு பக்கமும் ஒரு காகிதம் நுழைகிற இடம் மட்டும் விட்டேன். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அது. வெளிப்பக்கம் மட்டும் அரக்கு பாலிஷ். நூறு கிராம் அரக்குச் செதிலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சைப் பொதிந்து, எட்டுக் கை பூசினேன். உள்பக்கத்தில் ஒன்றும் பூசவில்லை. சாப்பிடுகிற சாமான் கிடக்கிற இடம் வெறும் மரமாகவே இருக்கட்டும்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது.

2023 நவம்பர் 11, தீபாவளிக்கு முந்தின நாள். ஒரு வாரமாக மழையும் தூறலும். எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகு போட வேண்டும், மூடி திறக்கவில்லை. நான் வந்து இழுத்தேன். துணியைச் சுற்றி இழுத்தேன். பக்கத்தில் கொட்டாப்புளியால் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பியபோது வலது மூலையில் மயிரிழை அளவுக்கு விரிசல் தெரிந்தது. எட்டு நாள் வேலையின் மூட்டு. அடுப்பை அணைத்துவிட்டு மனைவி கடைக்கு ஆளனுப்பிப் புதுக் கடுகு வாங்கினாள். அந்த நாள் எனக்குப் பலகாரம் எதுவும் இறங்கவில்லை.

சாயங்காலம் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன். வாங்கிப் பார்த்தவர் மூடியைத் தொடவே இல்லை.

"எப்ப இழைச்சீங்க இதை?"

"சித்திரையில, ஆசாரியாரே."

"ஐப்பசிக்கு எடம் விட்டீங்களா?"

நூறு வருடம் காய்ந்த மரம், இனி என்ன அசையப் போகிறது என்றேன். என் மனதில் இருந்த தப்புக் கணக்கு அதுதான். பழைய மரம் அடங்கிவிடும் என்று எல்லோரும் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். முறுக்கிக்கொள்வது, வெடிப்பது எல்லாம் அடங்கும். காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்குவதும் விடுவதும் அடங்காது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போது சுருக்கம் தொடங்குகிறது. அங்கிருந்து முழுக்க உலரும்வரை தேக்கு, மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதம். மரத்தின் நீளவாக்கில் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 5.8 ஐ 30 ஆல் வகுத்தால், ஈரத்தில் ஒரு சதவீத மாற்றத்துக்கு அகலத்தில் 0.19 சதவீதம். கத்திரி வெயிலுக்கும் அடைமழைக்கும் நடுவே மூடியின் ஈரம் நாலு சதவீதம் ஏறியது என்று வைத்தால், காடிக்குள் இருக்கும் 190 மில்லிமீட்டர் அகலம் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் விரியும். ஆசாரி கணக்கில் அரை நூல். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல்.

பெட்டியும் சேர்ந்து விரிந்திருந்தால் மூடி மாட்டியிருக்காது. ஆனால் பெட்டியின் அகலத்தை நிர்ணயிப்பது முன்பின் பலகைகள். அவற்றில் ரேகை, அதாவது மரத்தின் நாரோட்டம், 8 அங்குலத்தின் போக்கிலேயே ஓடுகிறது. அது நீளவாக்கு, அசையாது. மூடியில் ரேகை 12 அங்குலத்தின் போக்கில், அதனால் அகலம் விரிகிறது. அசையாத சட்டத்துக்குள் அசைகிற பலகை. அடிப்பலகையும் அப்படியே. அது விரிய வழியில்லாமல் பன்னிரண்டு திருகாணியும் பிடித்துக்கொள்ள, பக்கப் பலகைகளை வெளியே தள்ளி மூலையைத் திறந்திருக்கிறது.

மறுநாள் பரணில் ஏறி அம்மாவின் பெட்டியை மறுபடி இறக்கினேன். முதல் தடவை நீளம், அகலம், உயரம் அளந்தேனே தவிர, காடியின் ஆழத்தையும் மூடியின் விளிம்பையும் அளக்கவில்லை. இப்போது அளந்தேன். காடி ஆழமாக இருந்தது, மூடி அதில் முழுசாக நிரம்பவில்லை. நல்ல மழைக்காலத்திலும் இரண்டு பக்கமும் சேர்த்துக் கொஞ்சம் இடம் மிச்சம். அடிப்பலகையைத் திருப்பினேன். கரையான் விட்டுவைத்த பகுதியில் மூங்கில் ஆணிகள் நடு வரிசையில் மட்டும் இறுக்கமாக இருந்தன, ஓரங்களில் இல்லை. அந்த மூடி கடகடவென்று ஆடியது கவனக்குறைவால் இல்லை. செய்தவர் கோடையில் ஆடட்டும், மழையில் திறக்கட்டும் என்று விட்டிருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவர் வேலையைக் குறைவாகவே நினைத்திருந்தேன். யார் என்றுகூடத் தெரியாத அந்த ஆசாரியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி மூடியை இரண்டு தடவை திறந்து மூடினேன்.

சரிசெய்தது இப்படி. மாட்டின மூடியைத் தட்டக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது. அலமாரியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை மூடி முனகிக்கொண்டே நகர்ந்தது. கடுகு, உளுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மூடியைப் பல்புக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு வாரம் வெளியே திண்ணையில் விட்டேன். மழைக்காலத்து அகலத்துக்கே அது மறுபடி விரியட்டும் என்றுதான். விரிந்த நிலையில் இரண்டு விளிம்பையும் சம அளவில் இழைத்து, காடிக்குள் தாராளமாக ஓடும்வரை குறைத்தேன். இதைத்தான் ஆசாரி அடித்துச் சொன்னார்: மழையில் இழைத்தால் ஓடினால் போதும், வெயிலில் இழைத்தால் அரை நூல் விடணும்.

அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். நடு வரிசையில் இருந்த இரண்டை மட்டும் பழையபடி. ஓரங்களில் இருந்த பத்துத் துளைகளையும் எலிவால் அரத்தால் அகலவாக்கில் நீட்டி, முட்டை வடிவத்தில் ஆக்கினேன். திருகாணியின் கீழே பித்தளை வாஷர் போட்டு, முடுக்கியும் முடுக்காமலும் விட்டேன். இனி பலகை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போய்வரலாம். அழுத்தம் நீங்கியதும் விரிசல் தானே பாதி மூடிக்கொண்டது. சிரிஞ்சில் பசையை ஏற்றி விரிசலுக்குள் விட்டுக் கயிறு போட்டேன்.

இழைத்த விளிம்புக்கும் தேய்ந்த மூலைக்கும் உடனே பாலிஷ் போட்டது இன்னொரு தவறு. ஈரக் காற்றில் பூசிய அரக்கு வெளுத்துப்போய்ப் பால் சிந்திய மாதிரி நின்றது. தை பிறந்து நல்ல வெயில் அடிக்கும்வரை பொறுத்து, வெறும் ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலாக ஒற்றினேன். வெளுப்பு கரைந்து தெளிந்தது. அதன் பிறகு இரண்டு கை.

2024 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் மூடிக்கும் காடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அளக்க என்னிடம் இருந்தது பழைய அஞ்சலட்டைக் கட்டு. ஒவ்வொன்றாகச் செருகினேன். ஆறு அட்டை நுழைந்தது, ஏழாவது நுழையவில்லை. நவம்பரில் ஒரே ஒரு அட்டை நுழைந்த இடம் அது. பெட்டியைத் தூக்கினால் இப்போது என் மூடியும் கடகடவென்று ஆடுகிறது.

அதே பலகையின் மிச்சத்தில் கொச்சியில் இருக்கிற மகளுக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அங்கே வைகாசியிலேயே மழை பிடித்துக்கொள்ளும், கடல் காற்று வேறு. ஆசாரியிடம் எவ்வளவு விடலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நமக்கு விட்டதைப் போல ஒண்ணரைப் பங்கு விடுங்க சார், மழை பிடிச்சதும் மூடியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். முக்கால் நூல் விட்டிருக்கிறேன். காடியை அதற்கேற்ப ஆழமாக்கியாகிவிட்டது. மூலைகளில் இரண்டு முடிந்தது, இரண்டு பாக்கி.